ஆற்றொணாத் துயரம் ‘ஆறுதலற்ற துயரம்’ ஆகாது

மகனை இழந்த தாயொருவரைப் பற்றிய வெளிநாட்டுச் செய்தியைத் தமிழில் வாசித்தவர், அவர் ‘ஆறுதலற்ற துயரில்’ இருப்பதாகச் சொன்னார். திரையிலோ உறவினர் நால்வர் அந்தத் தாயின் தோளைப் பற்றித் தேற்றிக்கொண்டிருந்தனர். ‘இன்கன்சோலபிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இப்பெயர்ப்பைப் பலமுறை கேட்டுச் சலித்துவிட்டேன்.

இலத்தீன் வழிவந்த அச்சொல்லுக்குத் தேற்ற இயலாத என்பதே பொருள். அதற்குத் தமிழில் ‘ஆற்றொணா’ என்ற சொல் முன்பே இருக்கிறது. ஆறு என்றால் தணி. ஆற்று அதன் பிறவினை. ‘ஒன்றா’ என்பது ஒண்ணா, ஒணா என மருவி இயலாமையைக் குறிக்கும். சூடான பாலை டம்ளருக்கு டம்ளர் மாற்றி ஊற்றி ஆற்றுகிறோமே, அதே வினைதான் மனத்துக்கும் வருகிறது. ஆற்றுதலுக்குப் பொறுத்தல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் 116ஆம் அதிகாரமான ‘பிரிவாற்றாமை’யில் இருப்பது அதுவே. ஆகவே, பிறரால் தணிக்க முடியாதது, உற்றவரால் தாங்க முடியாதது என்னும் இரண்டையும் ‘ஆற்றொணா’ ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

‘ஆறுதலற்ற’ என்பது இவ்விரண்டில் ஒன்றையும் சொல்வதில்லை. ஆறுதல் கூற ஆளில்லை என்றே அது பொருள்படுகிறது. ஊரே திரண்டு தேற்றியும் தேறாத மனத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில், அருகிலிருந்து தேற்றியவர்களை இல்லாதவர்களாக்கிவிடுகிறது. முடியாமை வேறு, இல்லாமை வேறு. ஆங்கில எதிர்மறை முன்னொட்டைக் கண்டதும் ‘அற்ற’ என்று ஒட்டிவிடும் பழக்கத்தால் வந்த பிழை இது; குணப்படுத்த முடியாத நோயை ‘மருந்தற்ற நோய்’ என்று எழுதினால் யார் ஏற்பார்கள்?

‘கையறுநிலை’ என்று பெயர்க்கலாம் என்பாரும் உளர். அது அழகிய சொல்தான். ஆயினும் தொல்காப்பியம் அதனை இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்பும் துறையாக வகுத்தது. பாரியின் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டு அத்துறையில் அமைந்தது. எல்லாத் துயருக்கும் அதை நீட்டுவது பொருந்தாது. இன்றைய செய்தித்தாள்களோ கடன்பட்ட உழவர், நிதியில்லாத அரசு என எவர் செயலிழந்து நின்றாலும் அச்சொல்லையே எழுதுவதால், அதில் துயரின் சாயலே மங்கிவிட்டது.

‘ஆற்றொணா’ கடினம் என்று கருதுவோர் ‘தேற்ற முடியாத துயரம்’ என்று எழுதட்டும். அதில் பொருள் சிதையாது.