192.168.1.5-ஐ வீட்டிலிருந்து ஏன் கூப்பிட முடியவில்லை?

ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 192.168.1.5. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே எண்ணைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. அல்லது வீட்டு வைஃபையில் இருக்கும் பிரிண்டர் பதில் சொல்லும். ஊருக்கு ஊர் காந்தி தெரு இருக்கிறது. 'காந்தி தெரு, 5' என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் எங்கே கொண்டுபோவார்? 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண்களும் அப்படித்தான். 1996-இல் வெளியான விதிப்படி, எந்த வீடும் எந்த ஆபீஸும் தனக்குள் இவற்றை வைத்துக்கொள்ளலாம்.

எண் பஞ்சத்தால் வந்த ஏற்பாடு இது. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். அதனால் வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியே தெரிவது ரூட்டரின் ஒரே முகவரி. உள்ளிருந்து புறப்படும் பாக்கெட்டில், அதாவது தரவுத் துண்டில், அனுப்பியவர் முகவரியை அழித்துத் தன் முகவரியையும் ஒரு போர்ட் எண்ணையும் (கதவு எண் மாதிரி) ரூட்டர் போடுகிறது; யாருக்காகப் போட்டது என்று குறித்தும் வைக்கிறது. பதில் வந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். குறிப்பில் இல்லாத பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். இதுதான் நேட்.

அப்படியானால் வெளியிலிருந்து உள்ளே வருவது எப்படி? ரூட்டரில் ஒரு போர்ட்டை நிரந்தரமாகத் திறந்துவிடுவது பழைய வழி. தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அது 3389. தயவுசெய்து அதை அப்படியே இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் அந்த எண்ணைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

சரி, இரு பக்கமும் உள்ளே விடமாட்டேன் என்றால்? வெளியே பேசுவதற்கு இருவருக்கும் தடையில்லை. தந்திரம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்களும் முதலில் பொது முகவரியுள்ள ஒரு சர்வருக்கு ஆளுக்கொரு பாக்கெட் அனுப்புகின்றன. அவை வெளியே எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் தெரிகின்றன என்று பார்த்து, ஒருவருடையதை மற்றவருக்கு அந்தச் சர்வர் சொல்லிவிடுகிறது. அப்புறம் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நேரடியாக ஒன்றுக்கொன்று அனுப்புகின்றன. வீட்டிலிருந்து போன முதல் பாக்கெட் ஆபீஸ் ரூட்டரில் மோதி வீணாகலாம். பரவாயில்லை, அது புறப்பட்டபோதே வீட்டு ரூட்டரில் குறிப்பு விழுந்துவிட்டது. அடுத்து ஆபீஸிலிருந்து வருவதை, நாம் கேட்டதற்கு வந்த பதில் என்று நம்பி அது உள்ளே விடுகிறது. ஓட்டை போடுதல் என்றே இதற்குப் பெயர்.

எதிரே பேசுபவர் மாறினால் போர்ட்டையும் மாற்றிக் கொடுக்கும் ரூட்டர்களிடம் இது பெரும்பாலும் பலிக்காது. அப்போது எல்லாமே நடுவில் ஒரு சர்வர் வழியாகத்தான் போகவேண்டும். மவுஸ் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நகரும். போட்ட ஓட்டையும் நிலைக்காது. பேச்சில்லாவிட்டால் சில ரூட்டர்கள் அரை நிமிடத்திலேயே குறிப்பை அழித்துவிடும். அதனால்தான் வயர்கார்டு என்ற விபிஎன்னில் (தொலைவிலுள்ள கம்ப்யூட்டர்களை இணையம் வழியே ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுபோல் இணைக்கும் மென்பொருள்) 25 விநாடிக்கு ஒருமுறை வெறும் பாக்கெட் அனுப்பும் வசதி வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் சரியாக அமைந்து, விபிஎன் இணைந்த பிறகும் அந்தப் பிரிண்டரே பதில் சொன்னால், வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே 192.168.1 வரிசை ஓடுகிறது என்று அர்த்தம். வீட்டு ரூட்டரில் அதை 192.168.37 என்று மாற்றிப் பாருங்கள்.