மரத்தில் தொங்கும் தகட்டைப் படியுங்கள்

நிழல், பெஞ்சு, ஓடித் திரியும் அணில் எல்லாம் பூங்காவிலும் உண்டு, ஆராய்ச்சிக்காக மரங்களைச் சேகரித்து வளர்க்கும் தோட்டமான ஆர்பொரீட்டத்திலும் உண்டு. வித்தியாசம் மரத்தில் தொங்கும் சின்ன உலோகத் தகட்டில் இருக்கிறது. பலர் அதில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ பெயரைவிட அதிலுள்ள எண்தான் சுவாரசியம்.

அமெரிக்காவின் பாஸ்டனில் 1872-இல் தொடங்கிய ஆர்னால்டு ஆர்பொரீட்டத்தின் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். (இதன் நிலம் நகரத்துக்குச் சொந்தம், ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆயிரம் வருடக் குத்தகையில் வைத்திருக்கிறது. அவசரமில்லாதவர்கள்!) ஒரு தகட்டில் '1234-79*பி' என்று இருந்தால், 1979-இல் வந்த 1234-ஆவது பதிவு என்று பொருள். கடைசி எழுத்து, அந்தப் பதிவில் வந்த கன்றுகளில் இது எது என்பதைச் சொல்லும். விதை எந்த மலையில், எந்த உயரத்தில் பொறுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் பதிவேட்டில் இருக்கும். தாவரவியலாளர்கள் மரத்தின் பெயரை மாற்றினாலும் எண் மாறாது.

எதற்கு இவ்வளவு கணக்கு? ஒரே இன மரம்தான் என்றாலும், குளிர்ப் பகுதி விதையில் வந்ததும் வெப்பப் பகுதி விதையில் வந்ததும் ஒரே நாளில் துளிர்ப்பதில்லை, பனியையும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. ஊர் தெரியாத மரம் நிழலுக்கு ஆகும், ஆராய்ச்சிக்கு ஆகாது.

அப்புறம், யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். துலிப் மரத்தில் இன்று உயிரோடிருப்பவை இரண்டே இனங்கள். ஒன்று வட அமெரிக்காவின் கிழக்கில், மற்றது சீனாவில். இரண்டின் இலைக்கும் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டியது போன்ற அதே வடிவம். நடுவே ஒரு பெருங்கடல் கிடந்தும், இவற்றைக் கலந்து கலப்பினம் உண்டாக்க முடிகிறது. இப்படிப் பிரிந்து கிடக்கும் ஜோடிகள் ஏராளம் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆசா கிரே என்ற தாவரவியலாளர் எடுத்துக் காட்டினார். ஒரு காலத்தில் வட துருவத்தைச் சுற்றிப் படர்ந்திருந்த காடு, பூமி குளிரக் குளிரத் துண்டுபட்டது. மிச்சம் ஆங்காங்கே தங்கிவிட்டது. காட்டில் இந்த இரண்டையும் பார்க்கக் கண்டம் தாண்ட வேண்டும். ஆர்பொரீட்டத்தில் சில அடி நடந்தால் போதும்.

தனித்தனிக் கருப்பொருளில் அமைக்கும் தோட்டங்களுக்கும் இப்படிக் காரணம் உண்டு. நறுமணத் தோட்டத்தில் பாத்திகளைப் பெரும்பாலும் இடுப்பளவு உயர்த்தியிருப்பார்கள். பார்வையற்றவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் எட்டித் தொடத்தான். புதினா இலையைச் சும்மா முகர்ந்தால் லேசாகத்தான் மணக்கும், கசக்கினால் தூக்கும். அதன் எண்ணெய் இலைப் பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கிறது. கடிக்கும் பூச்சியை விரட்ட வைத்திருப்பது. நம் விரல் அந்தப் பூச்சி வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

பாறைத் தோட்டம் அழகுக்குக் கல் அடுக்கியது போலத் தெரியும். உயர்மலைச் செடிக்குக் குளிர் பிரச்சினையே இல்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் ஈரம் நின்றால்தான் அழுகிவிடும். அங்கே பரப்பியிருக்கும் சரளை அந்தக் கழுத்தை உலர வைக்கத்தான்.