ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் என்ன நடக்கும்?

சிங்கப்பூரில் புதிய விதி ஒன்றைப் பற்றி அரசாங்கம் கருத்துக் கேட்டால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கடிதம் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘கீழே உங்கள் பெயரைப் போட்டு அப்படியே அனுப்புங்கள், நிறையப் பேர் அனுப்பினால்தான் கேட்பார்கள்’ என்று. இப்படி வரும் மின்னஞ்சல்களைப் படித்துத் தொகுத்து அறிக்கையாக எழுதிக் கொடுப்பது என் வேலை என்பதால் சொல்கிறேன், வரிக்கு வரி ஒன்றாக இருக்கும் கடிதங்களை ஒரே கட்டில் சேர்த்துவிடுவோம். அறிக்கையில் அது ஒரு கருத்து. பக்கத்தில், அனுப்பியவர்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை வீண் இல்லை, மக்கள் இதைக் கவனிக்கிறார்கள் என்று காட்டும். ஆனால் இது வாக்கெடுப்பு கிடையாது.

மாறாக, ஒரு மளிகைக் கடைக்காரர் நான்கே வரி எழுதியிருந்தார். கடையில் இருப்பது நானும் மனைவியும்தான், இந்தப் படிவத்தை மாதாமாதம் யார் நிரப்புவது என்று. அதற்குத் தனிப் பத்தியே ஒதுக்கினேன், ஏனென்றால் ஆள் இல்லாத சிறு கடைகளை வரைவு எழுதியவர்கள் யோசித்திருக்கவே இல்லை.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பெரும்பாலான மத்திய அரசு விதிகளுக்குக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எல்லா இணையத்தளங்களையும் இணையச் சேவை நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்பதுதான் இணையச் சமநிலை விதிகள். 2017இல் அவற்றை நீக்குவது பற்றிக் கேட்டபோது 22 மில்லியனுக்கு மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. அவற்றில் ஏறக்குறைய 18 மில்லியன் போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியின் அறிக்கை 2021இல் சொன்னது. சுமார் 8.5 மில்லியன், விதிகளை நீக்கச் சொல்லி இணையச் சேவை நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பிரசாரத்தில் வந்தவை. பெயருக்கு உரியவர்களில் பலருக்கு விஷயமே தெரியாது. விதிகள் வேண்டும் என்ற எதிர்த்தரப்பில், 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டுமே 7.7 மில்லியன் போலிக் கருத்துகளைப் பதிவு செய்திருந்தார். உண்மையாகவே உட்கார்ந்து எழுதியவர்களின் குரலை அந்தக் குவியலில் எப்படித் தேடுவது?

இங்கே சிங்கப்பூரில் 1985இல் அரசாங்கத்தின் கருத்து அறியும் பிரிவு தொடங்கி, 2006இல் அது ‘ரீச்’ ஆனது. அமைச்சுகளும் நேரடியாகக் கேட்கின்றன. விவரத்தோடு பேசினால் முடிவுகூட மாறும். புலாவ் உபின் தீவில் செக் ஜாவா கடலோரத்தில் கடலை நிரப்பி நிலமாக்கும் நில மீட்புப் பணி நடக்கவிருந்தது. 2001இல் ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் அங்கே இறங்கி, என்னென்ன உயிரினங்கள் வாழ்கின்றன என்று பதிவு செய்து கொடுத்தார்கள். பொதுமக்களும் எழுதினார்கள். திட்டம் தள்ளி வைக்கப்பட்டது.

சரி, என்ன எழுதலாம்? நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், வரைவின் எந்த விதி உங்களைத் தொடுகிறது, அதனால் ஒரு நாளில் என்ன மாறும், பதிலுக்கு எதைச் செய்யலாம், அது போதும். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே எழுதுங்கள், இங்கே அது அதிகாரத்துவ மொழி. குழுவில் வந்த கடிதம் பிடித்திருந்தால் அதையும் அனுப்புங்கள், ஆனால் மேலே உங்கள் கதையை இரண்டு வரி சேர்த்துவிட்டு. அப்புறம், அப்பா அம்மா பெயரில் அவர்களைக் கேட்காமல் அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவர்கள் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்து, கடைசித் தேதிக்குள் அனுப்புங்கள்.