கொரியன் ஃபிரைடு சிக்கன்: எண்ணெயைக் காயவைக்கும் முன் கோழியைக் காயவையுங்கள்

சமையல் வகுப்பில் கொரியன் சிக்கன் என்று சொன்னாலே இரண்டு கேள்விகள் வந்துவிடும். கடையில் இருக்கிற மொறுமொறுப்பு வீட்டில் ஏன் வருவதில்லை? எண்ணெய் ஏன் இப்படித் தெறிக்கிறது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: கோழியில் தண்ணீர் நிற்கிறது. மேல் மாவை நமத்துப்போக வைப்பதும், கையைச் சுட வைப்பதும் அதே தண்ணீர்தான்.

நம் வீடுகளில் கோழியை மஞ்சள் போட்டு நாலைந்து தண்ணீர் அலசாமல் அடுப்பில் ஏற்ற மாட்டோம். ஆனால் அலசுவதால் கிருமி சாவதில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் சால்மோனெல்லா, காம்பிலோபாக்டர் போன்றவை சிங்க்கிலும் பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்திலும் போய்த் தெறிக்கும். அவற்றைக் கொல்வது சூடு மட்டும்தான். கறியின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். அலசாமல் மனசு கேட்காது என்றால், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, தெறிக்காமல் மெதுவாக அலசுங்கள். அப்புறம் சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

அடுத்த வேலைதான் முக்கியம். ஒரு இறக்கைத் துண்டை எடுத்து அதன் மடிப்பை விரித்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் துடைத்திருப்பீர்கள், மடிப்புக்குள் அரை ஸ்பூன் தண்ணீர் ஒளிந்திருக்கும். சூடான எண்ணெய்க்குள் போன தண்ணீர் நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும். எண்ணெயை முகத்துக்குத் தூக்கியடிப்பது அதுதான். டிஷ்யூ பேப்பரால் மடிப்பு மடிப்பாக ஒற்றி எடுங்கள். உப்பு தடவி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் சில மணி நேரம் மூடாமல் வைத்தால் தோல் இன்னும் காயும். ஃப்ரீசரில் இருந்த கோழி என்றால் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்குள் இறக்கி வைத்துவிடுங்கள். ஐஸ் ஒட்டிய துண்டை எண்ணெயில் போடவே கூடாது.

மாவுக்கு உருளைக்கிழங்கு ஸ்டார்ச் நல்லது, கிடைக்காவிட்டால் சோள மாவு (கார்ன்ஃப்ளார்). மைதா மட்டும் போட்டால் மேல்பகுதி தடித்துப்போய்ச் சீக்கிரம் நமத்துவிடும்.

பொரிப்பது இரண்டு முறை. முதலில் 160–165 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம். போட்டவுடன் சடசடவென்று பெரிய குமிழிகள் வரும். சத்தம் குறைந்து குமிழி சின்னதாகும்போது கம்பித் தட்டில் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடமாவது ஆறட்டும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கிற ஈரம் மேல் மாவுக்கு வரும். அதை விரட்டத்தான் 185 டிகிரியில் இரண்டாவது முறை, இரண்டு மூன்று நிமிடம். இந்த இரண்டாவது சூட்டை ஏற்றும்போதுதான் பலர் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள்.

ஆடுகிற வாணலியை விட அடிகனமான, ஆழமான பாத்திரம் நல்லது. எண்ணெய் பாதிக்கு மேல் வேண்டாம். புகை கிளம்பினால் அடுப்பை அணையுங்கள். தீப்பிடித்துவிட்டால் எட்டும் தூரத்தில் இருந்தால் கேஸை அணைத்து, மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. மூட முடியாத அளவுக்கு எரிந்தால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள்.

பொரித்த சிக்கனைப் பிரட்டும் இனிப்பும் காரமுமான யாங்னியோம் சாஸ், தென் கொரியாவின் தேகு நகரக் கடைக்காரர் யூன் ஜோங்-கே 1980 வாக்கில் கொண்டுவந்தது. ஆறிப்போன சிக்கனின் கெட்டியான மேல்பகுதி வாயைக் குத்துகிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னதால் செய்தாராம். அதாவது மொறுமொறுப்பைக் கொஞ்சம் குறைக்கவே பிறந்த சாஸ் அது! அதனால் சாப்பிடும் நேரத்தில் மட்டும் பிரட்டுங்கள். இந்த சாஸில் சேர்க்கும் கோச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுதில் சோயாவும், பல சமயம் கோதுமையும் இருக்கும். வீட்டில் யாருக்காவது அலர்ஜி என்றால் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். சர்க்கரைப் பாகு சேர்ந்த சாஸ் கையில் பட்டால் எண்ணெயைப் போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டே சுடும். கொதிக்கும்போது விரலால் தொட்டு ருசி பார்க்க வேண்டாம்.

சுட்டுவிட்டதா? வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். முகம், கண், மூட்டு, உள்ளங்கை என்றாலோ, கொப்புளம் பெரிதாக இருந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மிஞ்சிய எண்ணெயை ஆறியபின் வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கவோ குழம்புக்கோ தீர்த்துவிடுங்கள். எண்ணெய் சூட்டில் கெடும்போது உருவாகும் பொருள்கள் (மொத்த போலார் சேர்மங்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது கடைகளுக்கு 2018 ஜூலை முதல் இந்தியாவில் விதி. அதை அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. நிறம் கறுத்து, பிசுபிசுத்து, நுரை தங்கினால் பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.