ட்யூப்பை எடுத்தாச்சு சரி, கை ஏன் வீங்குது?

ஒரு கை மட்டும் வீங்கினா அது தண்ணி வீக்கம் கிடையாது. இதை இன்னும் எத்தனை தடவை சொல்லணும்னு தெரியல. போன வாரம் வந்த டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு இடது கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக கையில தமனியையும் சிரையையும் சேர்த்துத் தச்சது), அந்தக் கை தோள்லேர்ந்து விரல் வரைக்கும் கனத்துப்போய் சட்டைக்குள்ள நுழையல, தோள்பட்டையிலயும் நெஞ்சுலயும் நரம்பு நரம்பா புடைச்சுத் தெரியுது, ஆனா மாசக்கணக்கா அவருக்கு நடந்த வைத்தியம் என்னன்னா தண்ணியைக் குறைங்க, உப்பைக் குறைங்க, டயாலிசிஸ்ல இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுப்போம். பாவம், நாக்கு வறண்டு, மெஷின்ல பிபி விழுந்து, கெண்டைக்கால் இழுத்துப்பிடிச்சு கஷ்டப்பட்டதுதான் மிச்சம். கை அப்படியேதான் இருந்துச்சு.

உடம்புல தண்ணி கூடினா ரெண்டு காலும் வீங்கும், காலையில முகம் உப்பும், படுத்தா மூச்சு வாங்கும். ஒரு கையை மட்டும் தேடிப்போய் உக்காரணும்னு தண்ணிக்கு என்ன வேண்டுதலா? ஒரு பக்கம் மட்டும் வீங்குதுன்னா அந்தப் பக்கத்து ரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போற வழியில எங்கயோ தடை இருக்கு, அவ்வளவுதான். ஃபிஸ்டுலா ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல கொஞ்சம் வீங்குறது சகஜம், கையை உயர்த்தி வச்சா வடியும். ரெண்டு வாரம் தாண்டியும் வடியலன்னா சும்மா விடக்கூடாது.

முன்னாடி டயாலிசிஸுக்காக கழுத்துல ட்யூப் போட்டிருந்தாங்களான்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான், "அதெல்லாம் எப்பவோ எடுத்துட்டாங்களே டாக்டர்". எடுத்தது ட்யூப்பைத்தாங்க. அது உள்ள கிடந்தப்ப ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் ரத்தக்குழாயோட உள்சுவர்ல உரசி உரசி பண்ணின காயத்தை யாரும் எடுக்கல, எடுக்கவும் முடியாது. அந்தக் காயம் ஆறும்போது சுவர் தடிச்சு குழாய் உள்ளுக்குள்ளயே சுருங்கிடுது. வெளியில கழுத்துல ஒரு சின்னத் தழும்பு, உள்ள காறை எலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் பின்னாடி பெரிய ரத்தக்குழாய் பாதி மூடிக் கிடக்கும். ட்யூப் எடுத்து வருஷங்கள் கழிச்சுகூட இது தலைகாட்டும்.

அப்போ இத்தனை நாள் ஏன் தெரியலன்னு கேப்பீங்க. சாதாரணமா கையிலேர்ந்து திரும்புற ரத்தம் ரொம்பக் கம்மி, சுருங்கின குழாய் அதுக்குப் போதும். ஃபிஸ்டுலா போட்டதும் அதே வழியில நிமிஷத்துக்கு 600 மில்லி, சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேலயும் பாயுது. அன்னைக்குத்தான் குட்டு வெளிப்படும். பழி மட்டும் ஃபிஸ்டுலா போட்ட சர்ஜன் தலையில விழும்!

எல்லா ட்யூப்பும் ஒரே மாதிரி கெடுதல் இல்ல. காறை எலும்புக்குக் கீழ போடுறதுதான் ரொம்ப மோசம், 1991ல வந்த ஒரு ஆய்வுல அங்க போட்டவங்கள்ல 42 சதவீதம் பேருக்கும் கழுத்துல போட்டவங்கள்ல 10 சதவீதம் பேருக்கும் சுருக்கம் இருந்துச்சு. கழுத்துலயும் வலது பக்கம்தான் நேரா இறங்கும், இடது பக்கம் வளைஞ்சு வளைஞ்சு போறதால உரசல் ஜாஸ்தி. எத்தனை தடவை மாத்துறோமோ, எத்தனை நாள் வச்சிருக்கோமோ, எத்தனை தடவை இன்ஃபெக்‌ஷன் ஆகுதோ அத்தனையும் கணக்குல சேரும்.

(டெக்னீஷியன் தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு வார்த்தை. வீனஸ் பிரஷர் (மெஷின்லேர்ந்து ரத்தம் உடம்புக்குத் திரும்புற பக்கத்து அழுத்தம்) வாராவாரம் ஏறிட்டே போகுது, ஊசி எடுத்தப்புறம் ரத்தம் நிக்க ரொம்ப நேரம் ஆகுதுன்னா பம்ப் ஸ்பீடைக் குறைச்சு அலாரத்தை அமுக்கிட்டுப் போகாதீங்க. அதுவும் இந்தச் சுருக்கத்தோட அடையாளமா இருக்கலாம், எழுதி வைங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.)

டாப்ளர் ஸ்கேன்ல (ரத்த ஓட்டம் பார்க்கிற அல்ட்ராசவுண்ட்) ஒண்ணும் தெரியலயேன்னு ரிப்போர்ட்டை நீட்டுவாங்க. எலும்புக்குப் பின்னாடி இருக்கறதை அது சரியாப் பார்க்காது, ரத்தக்குழாய்ல சாயம் செலுத்தி எக்ஸ்ரேல பார்க்கிற வீனோகிராம்தான் பண்ணணும். பலூன் வச்சு விரிக்கலாம், வீக்கம் நல்லாவே வடியும், ஆனா சில மாசத்துல மறுபடி சுருங்குறது ரொம்ப சாதாரணம், அப்புறம் திரும்ப பலூன், சிலருக்கு குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட், எதுவும் கேக்கலன்னா கடைசியில அந்த ஃபிஸ்டுலாவையே மூடவேண்டி வரும், இன்னொரு இடம் தேடி மறுபடி முதல்லேர்ந்து. அதே சமயம் எந்தத் தொந்தரவும் இல்லாம ஸ்கேன்ல மட்டும் சுருக்கம் தெரிஞ்சா அதைச் சீண்டாம விடுறதுதான் நல்லது. பலூன் போட்டே ஆகணும்னு அடம்பிடிக்காதீங்க, விரிச்சதே அதை வேகமா வளரவிடலாம்.

சரி, என்ன பண்ணலாம்? ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை அளவு) 20க்குக் கீழ இறங்கிட்டே வருதுன்னா அப்பவே ஃபிஸ்டுலா பத்திப் பேசுங்க, அது ஊசி குத்தத் தயாராக ஆறு வாரத்துலேர்ந்து மூணு மாசம் ஆகும். ஃபிஸ்டுலா போட்டா டயாலிசிஸ் சீக்கிரம் வந்துடும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, கிட்னி கெடுறதுக்கும் கையில போடுற தையலுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபிஸ்டுலாவுக்குன்னு வச்சிருக்கற கையில ஐவி ஊசி குத்தவிடாதீங்க, ரத்தம் எடுக்கணும்னா புறங்கையில எடுக்கச் சொல்லுங்க. மருந்து ஏத்த கை வழியா நெஞ்சு வரைக்கும் போடுற நீள ட்யூப், அதாவது பிக் லைன், வேண்டவே வேண்டாம்னு சொல்லுங்க. பேஸ்மேக்கர் இருந்தா எந்தப் பக்கம்னு சர்ஜன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அந்த ஒயரும் இதே வேலையைப் பண்ணும். எந்த ட்யூப் எந்தப் பக்கம் எப்போ போட்டது எப்போ எடுத்ததுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு ஃபைல்ல வைங்க, தயவுசெஞ்சு.

ஊசி வலி இல்லாம சௌகரியமா இருக்குன்னு ஃபிஸ்டுலா தயாரான பிறகும் பெர்ம்கேத்தை (ரொம்ப நாள் வச்சிருக்கற டயாலிசிஸ் ட்யூப்) வச்சுக்கிட்டே இருக்கறவங்களைப் பார்த்தாதான் எனக்குக் கோவமே வருது. அவசரத்துக்குப் போட்ட ட்யூப் உயிரைக் காப்பாத்துது, அதுல மறுபேச்சு இல்ல, இதைப் படிச்சுட்டு பயந்து வேண்டாம்னு சொல்லிடாதீங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட "இதை எப்போ எடுப்பீங்க"ன்னு கேளுங்க. முகமும் கழுத்தும் வீங்கி, குனிஞ்சா தலை பாரமாகி, மூச்சு திணறுச்சுன்னா அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.