மீதி எத்தனை மாதம் என்று கேளுங்கள்

2023 ஏப்ரலில் ஒருவர் வருமான வரி விஷயமாக என்னைப் பார்க்க வந்தார். திருச்சியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், வயது 39. 2021 தொடக்கத்தில் 30 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, திருவெறும்பூர் பக்கம் வீடு கட்டியவர். வட்டி 6.75 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 22,811 ரூபாய். "வட்டி ஏறுது ஏறுதுன்னு எல்லாரும் புலம்புறாங்க சார். எனக்கு இஎம்ஐ ஒரு ரூபாகூட ஏறலை" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

வட்டிச் சான்றிதழோடு கடன் கணக்கு அறிக்கையையும் கொண்டுவந்திருந்தார். அதன் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், மீதித் தவணைகள் என்று ஒரு எண் இருந்தது: 468.

கடன் வாங்கிய அன்று 240 மாதம். 25 மாதம் ஒருநாள்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறார். மீதி 215 இருக்க வேண்டிய இடத்தில் 468. அதாவது இன்னும் 39 வருடம். கடன் முடியும்போது அவருக்கு 78 வயது. அந்த எண்ணின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கடன் வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கிவிட்டுத் திணறுகிறவர்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி "மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். எத்தனை மாதம் என்று கேட்கிறவர் அபூர்வம்.

அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு இணைத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பெரும்பாலான வங்கிகள் ரெப்போ வட்டியோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியோடு, இணைத்திருக்கின்றன. அந்த ரெப்போ 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.50. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீதம் ஏறியது. இவர் வட்டியும் படிப்படியாக 9.25-க்குப் போய்விட்டது. வட்டி ஏறினால் ஒன்று தவணை ஏற வேண்டும், இல்லையென்றால் மாதங்கள் ஏற வேண்டும். வங்கியின் கணினி மாதங்களை ஏற்றியது. 22,811 ரூபாய்த் தவணையில் 22,186 வட்டிக்கே போய், அசலில் கழிந்தது 625 ரூபாய்தான். அவர் வீட்டு கேபிள் பில்லும் பால் கணக்கும் சேர்ந்தால் அதைவிட அதிகம்.

அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் அவர் கையில் இருந்தது. அதை அசலில் கட்டினார். தவணையை 3,000 ரூபாய் உயர்த்தச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுத்தார். 468 மாதம் 210 ஆனது. 2 லட்சமும் மாதம் 3,000-மும் இருபத்தோரு வருடத்தைக் குறைத்துவிட்டன.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும். தவணை வட்டிக்கே போதாமல் அசல் வளரும் நிலை வரக் கூடாது என்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதித் தவணைகள், வட்டி வீதம் எல்லாம் அடங்கிய அறிக்கை உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அது மின்னஞ்சலில் வந்து திறக்கப்படாமல் கிடக்கும், அல்லது வங்கிச் செயலியில் எங்கோ இருக்கும். தேடி எடுத்துப் பாருங்கள். உங்களைக் கேட்காமலே காலத்தை நீட்டியிருந்தால், எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. 2025-இல் ரெப்போ 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியிருக்கிறது. சிலருக்கு வங்கியிலிருந்து தவணை குறைந்த செய்தி வருகிறது. நிஜமாகவே கையைக் கடிக்கிற நிலையில் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய தவணையையே கட்டுங்கள். 30 லட்சம், 20 வருடம், எட்டரை சதவீதம் என்றால் தவணை 26,035. வட்டி ஏழரைக்கு இறங்கினால் தவணை 24,168 ஆகும். அந்த 1,867 ரூபாயை எடுத்துக்கொள்ளாமல் 26,035-ஐயே தொடர்ந்தால் கடன் 205 மாதத்தில் முடிந்துவிடும். மூன்று வருடத் தவணை மிச்சம். ரூபாய்க் கணக்கில் ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம்.

உங்கள் கடன் வீட்டு வசதி நிதி நிறுவனத்தில் இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரெப்போவோடு இணைக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தாங்களே நிர்ணயிக்கும் அளவுகோல் ஒன்று வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவருக்குக் குறைந்த வட்டியும் பழைய வாடிக்கையாளருக்கு முன்பிருந்த வட்டியும் ஓடிக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போய்க் கேட்டால், சிறு கட்டணத்தோடு வட்டியைக் குறைத்துத் தருவார்கள். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை. 2019-க்கு முன்னால் வங்கியில் வாங்கிய கடன் வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டி நிர்ணயிக்கும் பழைய எம்சிஎல்ஆர் முறையிலேயே ஓடுகிறதா என்றும் ஒருதடவை விசாரியுங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், உங்களோடு கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

எவ்வளவு கடன் கிடைக்கும் என்பது வேறு, எவ்வளவு தாங்கும் என்பது வேறு. கையில் வாங்கும் சம்பளத்தில் பாதிவரைகூடத் தவணைக்குப் போகலாம் என்று வங்கி கணக்குப் போடும். அந்த மேசையில் உட்கார்ந்து நானே அப்படிப் போட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஊரில் அம்மாவுக்கு மருந்து, தங்கைக்குச் செய்ய வேண்டிய சீர் எதுவும் அந்தப் படிவத்தில் வராது. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்த்து கைச் சம்பளத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. வண்டிக் கடன், நகைக்கடன், போன் வாங்கிய தவணை எல்லாம் இதில் சேர்த்தி.

முன்பணம் கட்டும் முன் இரண்டு சோதனைகள் செய்யச் சொல்வேன். முதலாவது, வட்டி இன்னும் 2 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலே சொன்ன 30 லட்சக் கடனுக்கு வட்டி எட்டரையிலிருந்து பத்தரை ஆனால் தவணை 26,035-லிருந்து 29,951 ஆகும். இந்தக் கிட்டத்தட்ட 4,000 ரூபாயை உங்கள் குடும்பம் எங்கிருந்து எடுக்கும்? பதில் இல்லையென்றால் கடனைக் குறைக்க வேண்டும், அல்லது வீட்டைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, வாழ்ந்து பார்ப்பது. இப்போது வாடகை 12,000, வரப் போகும் தவணை 26,000 என்றால், வித்தியாசமான 14,000-ஐ ஆறு மாதம் தொடர் வைப்பில் போடுங்கள். ஆறு மாதமும் இடையில் கை வைக்காமல் போட முடிந்தால் உங்களால் முடியும். மூன்றாவது மாதமே உடைக்க நேர்ந்தால், கடன் வாங்கும் முன்பே உண்மை தெரிந்துவிட்டது, நல்லதுதான். சேர்ந்த பணமும் பத்திரச் செலவுக்கு ஆகும்.

கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் சேர்த்து வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு தம்பதி, இருவர் சம்பளத்துக்கும் சேர்த்து எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும், 40 லட்சம், எட்டரை சதவீதத்தில் வாங்கினார்கள். தவணை 34,713. அடுத்த வருடம் குழந்தை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அந்தப் பெண் வேலையை விட்டார். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை, ஆனால் கல்யாண நகை முழுவதும் அடகுக்குப் போய்விட்டது. இரண்டாவது சம்பளத்தில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து அழுததுதான் இதற்குக் காரணம்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதிலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30-லிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75. இது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு இரண்டும் சேர்த்து 9 சதவீதம். 50 லட்சத்துக்குக் கட்டிய தனிவீடு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். கடன் அதிகபட்சம் 40 லட்சம். உங்கள் பங்கு 10 லட்சம், பத்திரத்துக்கு நாலரை லட்சம், ஆக பதினாலரை. இதன் மேல் புரோக்கர் கமிஷன், வக்கீல் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரத்தை ஈடு வைத்ததைப் பதியும் எம்ஓடி செலவு. வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டை 46 லட்சம் என்று போட்டுவிட்டால் கடனும் குறையும். இந்தப் பள்ளத்தை நிரப்பத் தனிநபர் கடன் வாங்குகிறார்கள். பாரம் அங்கேதான் தாங்க முடியாததாகிறது. ஆகவே கையில் பதினாறு லட்சம் இல்லாமல் 50 லட்ச வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

எத்தனை வருடத்துக்கு வாங்குவது? அதே 30 லட்சத்துக்கு, எட்டரை சதவீதத்தில், 30 வருடம் என்றால் தவணை 23,067. 20 வருடத்தைவிட மாதம் சுமார் 3,000 குறைவு. ஆனால் மொத்த வட்டி முப்பத்திரண்டரை லட்சத்திலிருந்து 53 லட்சமாகிவிடும். மாதம் 3,000 குறைப்பதற்காக 20 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறோம். இருந்தாலும் நீண்ட காலத்தை நான் அடியோடு ஒதுக்குவதில்லை. வருமானம் நிலையில்லாத சிறு வியாபாரிக்குக் குறைந்த தவணை ஒரு பாதுகாப்பு. கல்லா நிரம்பிய மாதம் அசலில் கட்டிக்கொள்ளலாம். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கப் பத்து வருடத்துக்கும் மேலாக அபராதம் கிடையாது. தீபாவளி போனஸில் வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே 20 வருடக் கடன் மூன்று வருடத்துக்கு மேல் முன்னதாக முடியும். கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

நிலையான வட்டி பற்றியும் கேட்பார்கள். பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். பல ஒப்பந்தங்களில் முதல் சில வருடங்களுக்குத்தான் நிலையானது. பிறகு மாறும் என்ற பிரிவு உள்ளே இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருடாந்திர வட்டி அதில் இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி, தமிழில் கேளுங்கள். அதில் காப்பீட்டு பிரீமியம் என்று ஒரு தொகை இருக்கிறதா பாருங்கள். 1,20,000 ரூபாய் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டால், 20 வருடத்தில் எட்டரை சதவீதத்தில் அதற்கு மட்டும் இரண்டரை லட்சம் கட்டுவீர்கள். கடனுக்குக் காப்பீடு அவசியம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் நீட்டும் பாலிசியைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வெளியே டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசியின் விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வரிச்சலுகைக்காகக் கடன் வாங்குவதாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு வரி: நாம் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கான 2 லட்சம் வரையிலான கழிவு பழைய வரி முறையில்தான். புதிய முறையில் கிடையாது.

வேலை போய்விட்டது, தொழில் படுத்துவிட்டது என்றால், கணக்கில் பணமில்லாமல் முதல் தவணை திரும்பும் முன்பே கிளைக்குப் போங்கள். பயந்து போனை எடுக்காமல் இருப்பவர்களைத்தான் காப்பாற்ற முடியாமல் போகிறது. 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன். பிறகு 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்கும் கட்டாவிட்டால் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. முன்னதாகப் போனால் காலத்தை நீட்டலாம், தவணையை மாற்றி அமைக்கக் கேட்கலாம். அதுவும் முடியாதென்றால், ஏலத்துக்கு விடாமல் நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்க அவகாசம் இருக்கும். தவணை கட்டுவதற்காகச் செயலிக் கடன் மட்டும் வாங்கிவிடாதீர்கள். உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

கடன் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முழுதாகக் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறை. தாய்ப்பத்திரம் முதல் எல்லாம் இருக்கிறதா என்று, ஒப்படைத்தபோது வாங்கிய பட்டியலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். அத்தோடு வீட்டுக்குப் போய்விடாமல், வங்கி அதிகாரியோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி-யை ரத்து செய்யும் ரசீதைப் பதியுங்கள். இதைச் செய்யாததால், கடன் முடிந்து பல வருடம் கழித்தும் வில்லங்கத்தில் வங்கியின் பெயர் நிற்கிறது, வீட்டை விற்கப் போகும்போது சிக்கல் ஆகிறது. ரசீது பதிந்து ஒரு வாரம் கழித்து, வில்லங்கம் போட்டு அந்தப் பதிவு ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.