கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிராது

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். மீன் மேலேயே நிற்கிறது, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா? நான் மீன்வளம் படித்தவன். சென்னையில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் மீன்தொட்டி பராமரிப்பதும், மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்ப்பதும் என் பிழைப்பு. கூட்டவே கூட்டாதீர்கள், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

போன ஜனவரியில் அம்பத்தூர் பக்கம் ஒரு வீடு. ஹாலில் இரண்டடித் தொட்டி. கூழாங்கல் போக ஐம்பது லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். அதில் கோல்டு ஃபிஷ் வகைகளில் இரண்டு ஓரண்டா, ஒரு பிளாக் மூர், மூன்று ஷுபன்கின்; அவற்றோடு இரண்டு ஏஞ்சல் மீன், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சக்கர் மீன். அறையில் 25 டிகிரி. தொட்டிக்குள் என் தெர்மாமீட்டர் 31 காட்டியது. சோபாவில் குரங்குக் குல்லாவும் சால்வையுமாகப் பாட்டி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கே இப்படி வெடவெடங்குது தம்பி. தண்ணிக்குள்ளயே கெடக்குற ஜீவனுக்கு எப்படி இருக்கும்?"

அந்த அக்கறையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பாட்டியின் உடம்பு எந்த நேரமும் 37 டிகிரியில் நின்றாக வேண்டும், அதனால்தான் அவருக்குச் சால்வை. மீனுக்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது. சுற்றியுள்ள தண்ணீரின் சூடுதான் அதன் உடம்புச் சூடும். அதிலும் கோல்டு ஃபிஷ் கெண்டை வகையறா. சீனாவில் சோங் அரச காலத்திலேயே குளங்களில் வளர்த்து, நிறம் பார்த்துப் பொறுக்கி உருவாக்கிய மீன். மேலே பனிக்கட்டி மூடிக்கிடக்கும் குளத்தின் அடியில் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, வசந்தம் வந்ததும் முட்டையிடும் பரம்பரை. அதற்கு 18 முதல் 22 டிகிரி சுகம். உருண்டை உடம்புக்கார ஓரண்டா, ரியுகின் போன்றவற்றுக்கு 24 வரை சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பனிக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் இந்த மீன் தன் உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். எந்த நொதி இதைச் செய்கிறது என்று ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழகக்காரர்கள் 2017-இல் விளக்கமாக எழுதினார்கள். இதைப் படித்த ஒரு வாடிக்கையாளர், "அப்ப கரண்ட் போனாலும் கவலையில்லையே சார்" என்றார். கவலைதான். உறைபனிக் குளிரில் உடம்பு கிட்டத்தட்ட அணைந்து கிடக்கும்போது செல்லுபடியாகும் வித்தை அது. நம் ஊர்த் தண்ணீரில் அதன் உடம்பு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வீட்டுத் தொட்டிக்கே வருவோம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். காற்று பம்ப் எவ்வளவு ஊதினாலும் இந்த உச்சவரம்பைத் தாண்டாது. வரவு இப்படிக் குறையும்போது செலவு ஏறுகிறது. பத்து டிகிரி கூடினால் மீனின் உடம்பு ஓட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மூச்சு கூடும், பசி கூடும், கழிவும் கூடும். பசியைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "நல்லா சாப்பிடுது சார்" என்று இன்னொரு சிட்டிகை போடுகிறார்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது, போடப்போட வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தண்ணீரின் மேல்பரப்பில்தான் காற்று கொஞ்சம் அதிகமாகக் கரைந்திருக்கும், அது அங்கே போய் மூச்சு வாங்குகிறது. விடியற்காலையில் இது அதிகமாகத் தெரியும். செடி வைத்த தொட்டி என்றால் இரவில் செடியும் ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். காலையில் எழுந்து பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது இந்தக் காட்சி. வெளியே மார்கழிக் குளிர். இரண்டையும் சேர்த்து ஹீட்டரைக் கூட்டிவிடுகிறார்.

அம்மோனியா இன்னொரு பக்கம். மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, மற்றது செவுளைப் பொசுக்கும். பி.எச். 8 உள்ள தண்ணீரில், 20 டிகிரியில் நூற்றுக்கு நான்கு பங்கு இந்த விஷ உருவத்தில் இருக்கும். அதே தண்ணீரை 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏழரைப் பங்கு. சென்னையில் பல வீட்டு போர் தண்ணீரில் நான் பி.எச். பார்த்தால் எட்டை ஒட்டித்தான் வருகிறது. அம்பத்தூர் வீட்டு ஓரண்டாவின் வாலில் சிவப்பு நரம்புகள் ஓடியிருந்தன. "ஏதோ காய்ச்சல்" என்று அதற்கும் ஒரு மஞ்சள் மருந்து ஊற்றியிருந்தார்கள்.

அந்த வீட்டுக்குள் ஹீட்டர் எப்படி வந்தது என்று கேட்டேன். எட்டு மாதத்துக்கு முன் ஏஞ்சலுக்கு வெள்ளைப்புள்ளி. கடைக்காரர் நீல மருந்தையும் ஹீட்டரையும் கொடுத்து முப்பதில் வைக்கச் சொன்னார். பத்து நாளில் புள்ளி போய்விட்டது. ஹீட்டரை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் பார்க்கும் கோல்டு ஃபிஷ் தொட்டிகளில் பாதிக்கு மேல் ஹீட்டர் இப்படித்தான் நுழைகிறது. மருந்தாக வந்து, பிறகு பொம்மை, பாசி, சிப்பியோடு தொட்டிச் சாமானாகத் தங்கிவிடுகிறது.

அந்த வைத்தியத்தில் ஞாயம் இல்லாமல் இல்லை. வெள்ளைப்புள்ளி ஒரு ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் புதைந்து வளரும்போது மருந்து அதைத் தொடாது. வளர்ந்து உதிர்ந்து, அடியில் பெருகி, குஞ்சுகள் நீந்தி வரும்போதுதான் மாட்டும். குளிர்ந்த நாட்டுத் தண்ணீரில் இந்தச் சுற்று முடிய வாரக்கணக்கில் ஆகும். சூடேற்றினால் சில நாளில் முடியும், மருந்தும் சீக்கிரம் வேலை செய்யும். ஐரோப்பாவில் இருக்கிறவருக்கு இது நல்ல யோசனை. நம் ஊரில் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தண்ணீர் தானாகவே 28-க்கு மேல்தான் நிற்கிறது, இங்கே ஹீட்டர் கூடுதலாக என்ன சாதிக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நங்கூரப்புழு பிடித்த கோல்டு ஃபிஷ்ஷுக்கும் சிலர் இதே ஹீட்டரைப் போடுகிறார்கள். குச்சி குச்சியாக உடம்பில் தொங்குமே, அந்தப் புழு. அதற்குச் சூடு என்றால் கொண்டாட்டம், இன்னும் வேகமாக இனம் பெருக்கும்.

ஹீட்டர் உண்மையிலேயே மருந்தாகும் இடமும் உண்டு. 1992-இல் ஜப்பானில் கோல்டு ஃபிஷ்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஒரு ஹெர்பிஸ் வைரஸ், 15 முதல் 25 டிகிரிக்குள்தான் ஆட்டம் போடும். அங்கே பண்ணைக்காரர்கள் தண்ணீரைச் சூடாக்கி அதை அடக்குகிறார்கள். ஆனால் அது நோயைக் கண்டுபிடித்து, நாள் எண்ணிச் செய்யும் சிகிச்சை.

ஊட்டி, கொடைக்கானல் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே சாதா கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஹீட்டர் வேண்டவே வேண்டாம், தமிழ்நாட்டிலேயே அதற்குப் பிறந்த வீடு மாதிரி உள்ள ஊர்கள் அவைதான். ஓரண்டா, ரான்சு போன்ற உருண்டை உடம்பு வகைகளை வளர்ப்பவர்கள் இரவுக் குளிர் சடாரென்று இறங்காமலிருக்க 18-இல் ஒரு ஹீட்டர் வைத்தால் நான் மறுக்கமாட்டேன். வாங்கும்போது டயல் 18 வரை இறங்குகிறதா என்று பாருங்கள். டயலே இல்லாத மலிவு மாடல்கள் 25, 26 என்று எதையோ முடிவுகட்டிக்கொண்டு வருகின்றன. உள்ளே தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் அவை அணையாது. மீன் வெந்து மிதந்த தொட்டியை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன், நான்காவது வேண்டாம்.

கலப்புத் தொட்டிதான் இந்தச் சிக்கலின் வேர். ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், அதற்கு 26 முதல் 28 வேண்டும். கோல்டு ஃபிஷ்ஷோடு போட்டால் ஒன்றுக்குப் பொருந்தும் சூடு மற்றதைப் படுத்தும், நடுவில் 25 என்று வைத்தால் இரண்டுமே அரைகுறை. டிஸ்கஸ்ஸோடு போட்டவரையும் பார்த்திருக்கிறேன், அது 29, 30 கேட்கும். சக்கர் மீன் வேறு கதை. பாசி தின்று சுத்தம் செய்யும் என்று வாங்குகிறோம். பாசி தீர்ந்ததும் இரவில் மெதுவாக நகரும் ஓரண்டாவின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்பை உறிஞ்சும். மேல்தோல் வட்டமாக உரிந்திருந்தால் முதலில் சக்கர் மேல் சந்தேகப்படுங்கள். தயவுசெய்து அதை ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். ஏற்கெனவே நம் ஏரிகளில் அது பெருகி வலைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கடைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "சார், கொளத்தூர்ல சிமென்ட் தொட்டியில வெயில்லயே வளர்ந்த மீனுங்க. அதுக்கு என்ன ஆயிடுச்சு?" உண்மைதான். இங்கேயே பிறந்த மீன் 30 டிகிரிக்கும் பழகிக்கொள்கிறது, பழகியது இன்னும் மேலேகூடத் தாங்கும். ஆனால் அந்தத் தொட்டிகள் அகலமானவை, தண்ணீர் அடிக்கடி மாறும், மீன் சில மாதத்தில் விற்றுவிடும். நம் வீட்டில் அது வருஷக்கணக்கில் வாழ வேண்டும். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 1999 வரை, 43 வருஷம் இருந்தது. அது விதிவிலக்கு, ஒப்புக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து வருஷம் விதிவிலக்கு அல்ல. மீன் மூன்று வருஷம் தாண்டினாலே என் வாடிக்கையாளர்கள் எனக்கு போட்டோ அனுப்புகிறார்கள்.

பாட்டி வீட்டில் ஹீட்டரை உடனே கழற்றவில்லை. போனில் பிளக்கைப் பிடுங்கச் சொல்வது நான் போய்ச் சேரும்வரை சூடு மேலும் ஏறாமலிருக்க. ஆனால் ஆறு டிகிரியை ஒரே இரவில் இறக்குவதும் மீனுக்கு அதிர்ச்சிதான், அதனால் பிளக்கைத் திரும்பச் செருகினேன். அன்றைக்குத் தண்ணீரில் கால் பங்கை, அதே சூட்டில் கலந்து வைத்த தண்ணீரால் மாற்றி, காற்றுக் குமிழி விடும் ஏர்ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போட்டு, இரண்டு நாள் தீனியை நிறுத்தினேன். பிறகு நாளுக்கு ஒரு டிகிரி. ஆறாம் நாள் டயலை இறக்க இடமில்லை, எடுத்துவிட்டோம். பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் தண்ணீரிலேயே ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சூட்டோடு வெளியே இழுத்தால் கண்ணாடிக் குழாய் விரிசல் விடும். ஏஞ்சல்களும் சக்கரும் கடைக்குத் திரும்பின. ஷுபன்கின் மூன்றும் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுச் சிமென்ட் தொட்டிக்குப் போயின, வளர்ந்தால் முக்காலடி போகும் மீன் அது. உண்மையில் மிச்சமிருக்கும் மூன்றுக்கும் அந்தத் தொட்டி போதாது. மூன்றடித் தொட்டி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், பாட்டியே கூப்பிட்டார்.

"தம்பி, ஹீட்டரே இல்லை. ஆனா தண்ணி 32 காட்டுதே!"

தெர்மாமீட்டரைப் பார்க்கப் பழகியிருந்தார். அதுவே எனக்குப் பாதி வேலை மிச்சம். தொட்டியின் மூடியையும் லைட்டையும் எடுக்கச் சொன்னேன், மீன் துள்ளாமலிருக்க மேலே கொசுவலைத் துணி கட்டச் சொன்னேன். மேசை விசிறியைத் தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி சாய்த்து வைத்தால் வியர்வை காய்வது போலத் தண்ணீர் ஆவியாகிக் குளிரும். கடற்காற்று ஈரமாக இருக்கும் சென்னையில் இரண்டு டிகிரி இறங்கினாலே பெரிது. மதுரை, திருச்சி மாதிரிக் காய்ந்த ஊரில் இன்னும் கூடுதலாக இறங்கும். ஆவியான அளவுக்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் போர் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றாமல், குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றச் சொன்னேன். மொட்டை மாடிச் சின்டெக்ஸ் தண்ணீரை மத்தியானம் பிடித்து ஊற்றவே கூடாது, அது கொதிக்கிற மாதிரி வரும். முதல்நாள் இரவே வாளியில் பிடித்து நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும். தீனி பாதியாக, அதுவும் காலையில் மட்டும்.

"ஐஸ் கட்டி போடலாமா?" என்றார். வேண்டாம் பாட்டி, கரையும்வரை குளிரும், கரைந்ததும் திரும்ப ஏறும், அந்த ஏற்ற இறக்கம்தான் கெடுதல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப விசிறிய அது பக்கம் திருப்பிட்டா எனக்கு?" என்றார். ஆன்லைனில் கிளிப் மாட்டும் சின்ன விசிறி கிடைக்கிறது, தொட்டி விளிம்பிலேயே மாட்டிக்கொள்ளலாம். பேரனிடம் அதற்கு ஆர்டர் போடச் சொன்னேன்.